நான்கு வாரங்கள்

மெல்பேர்னில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், பேரனோடு சேர்ந்து தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்ப்பது வழக்கமாயிற்று. நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று அது. பந்து முட்டை வடிவானது, கையாலும் பிடிக்கலாம், அணிக்குப் பதினெட்டுப் பேர். மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கும் ஊடாகப் பந்தை உதைத்தால் கோல். அதற்கு 6 புள்ளிகள்.

வர்ணனையாளர் அடிக்கடி 'கோல்மன் பதக்கம்' என்றார். அதிக கோல் போடுபவருக்குக் கொடுப்பதால் வந்த பெயராக்கும் என்று எண்ணி, என் குறிப்புப் புத்தகத்தில் அவ்வாறே எழுதிக்கொண்டேன். எட்டிப் பார்த்த பேரன் சிரித்தான். "அது ஒராளின்ரை பேர், அம்மப்பா" என்றான். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதை அவனுக்கு விளக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பழைய பத்திரிகைக்காரனுக்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும். அன்றிரவே அந்த மனிதரைத் தேடத் தொடங்கினேன்.

ஜோன் கோல்மன் 1928இல் விக்டோரியா மாநிலத்தின் போர்ட் ஃபெயரியில் பிறந்தவர். 1949இல் எசென்டன் அணிக்காகத் தமது முதலாவது ஆட்டத்தை ஆடினார். ஹோதோர்ன் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் போட்ட கோல்கள் 12. அந்த முதற் பருவத்திலேயே சரியாக 100 கோல்கள். நூறாவது கோல் கார்ள்டன் அணியுடனான இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் வந்தது. கிண்ணமும் எசென்டனுக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு 120 கோல்கள், மீண்டும் கிண்ணம். உயர எழும்பி, எதிரணியினரின் தலைகளுக்கு மேலாகப் பந்தைப் பிடிக்கும் அவருடைய ஆற்றலைக் காண்பதற்கென்றே கூட்டம் கூடியது.

1951இல் மூன்றாவது கிண்ணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறுதிச் சுற்றுக்கு முந்திய கடைசி ஆட்டம் மீண்டும் கார்ள்டனோடு. எதிரணி வீரர் ஹரி காஸ்பர் கோல்மனை அடித்தார்; கோல்மன் திருப்பி அடித்தார். நடுவர்கள் இருவர் மீதும் முறையிட்டனர். விசாரணைக் குழு இருவருக்கும் ஒரே அளவான தண்டனையை வழங்கியது: நான்கு வாரத் தடை. கோல்மன் விசாரணை மண்டபத்திலிருந்து கண்ணீரோடு வெளியேறினார்.

காகிதத்தில் பார்த்தால் இது சமநீதி. ஆனால் கார்ள்டன் அந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருக்கவில்லை. முதலில் அடித்தவருக்கு அந்த நான்கு வாரங்களில் இழப்பதற்குக் கிண்ணம் எதுவும் இருக்கவில்லை. திருப்பி அடித்தவரோ இறுதிச் சுற்று முழுவதையும் இழந்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த பயிற்றுநர் டிக் றெனோல்ட்ஸ்கூட அந்த இறுதியாட்டத்தில் மாற்று வீரராகக் களமிறங்க நேர்ந்தது. எசென்டன் 11 புள்ளிகளால் ஜீலோங் அணியிடம் தோற்றது. ஆட்டத்துக்குச் சராசரி ஐந்து கோல்களுக்கு மேல் போட்ட ஒருவர் மைதானத்துக்கு வெளியே நின்ற நாளில், இரண்டு கோல்களுக்கும் குறைவான வித்தியாசம்.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று சிலர் தேற்றியிருக்கக்கூடும். ஆனால் வீரராக இன்னோர் இறுதியாட்டம் அவருக்கு வாய்க்கவேயில்லை. 1954இல் ஒரு வாரம் ஃபிற்ஸ்றோய் அணிக்கு எதிராக 14 கோல்கள் போட்டார். அதற்கடுத்த ஆட்டத்தில், வட மெல்பேர்ன் அணிக்கு எதிராக ஆடுகையில், முழங்கால் விலகியது. அப்போது அவருக்கு வயது 25. மீண்டும் ஆட எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. மொத்தம் 98 ஆட்டங்கள், 537 கோல்கள். பின்னர் பயிற்றுநராக வந்து 1962, 1965ஆம் ஆண்டுகளில் எசென்டனுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தார். 1973இல், 44ஆவது வயதில், மாரடைப்பால் காலமானார். 1981 முதல் அவருடைய பெயரில் பதக்கம் வழங்கப்படுகிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உறக்கம் வராமற்போனதற்கு வேறொரு காரணம் உண்டு. எழுபதுகளில் நான் பிரதேச நிருபராக இருந்தபோது, பாடசாலை உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பற்றிச் செய்தி எழுதினேன். ஒரு மாணவன் எதிரணி மாணவனை அடித்தமைக்காக வெளியேற்றப்பட்டான். அதற்கு முன் அவன் இரண்டு தடவை காலில் உதைபட்டதை நான் கண்ணால் கண்டிருந்தேன். ஆறு வரிக்கு மேல் இடமில்லை என்றார்கள். 'ஒழுங்கீனமாக நடந்துகொண்ட வீரர் வெளியேற்றப்பட்டார்' என்று முடித்தேன். அந்தப் பத்திரிகை நறுக்கை அதிபர் காலைக் கூட்டத்தில் வாசித்தாராம். பையன் அதன் பின் பாடசாலை அணியில் ஆடவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பஸ் நிலையத்தில் அவன் என்னை அடையாளங் கண்டான். கோபிக்கவில்லை. "ஐயா, அண்டைக்கு நீங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். அவனுடைய பஸ் வந்துவிட்டது.

இடம் போதவில்லை என்ற காரணத்தை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'உதைபட்ட பின்' என்று எழுத இரண்டே சொற்கள் போதுமாயிருந்தன.