ஐந்நூறு ஐந்நூறு

கற்பிட்டிக் கரையில் வள்ளம் வந்ததும் மீனைக் கூறு கூறாகக் குவிப்பார்கள். “சின்னச் சின்னச் சூடை, ஐந்நூறு ஐந்நூறு!” என்று விற்பவர் கூவ, “பெரிய பெரிய மீன் கீன் இல்லையா நானா?” என்று வாங்க வந்தவர் கேட்பார். இந்தப் பேச்சில் வீணாக இரட்டித்த சொல் ஒன்றுகூட இல்லை.

‘சின்னச் சின்ன மீன் ஒன்று’ என்று எவரும் சொல்வதில்லை. நம் பெயரடைக்குப் பன்மை விகுதி கிடையாது. மீனுக்குக் ‘கள்’ சேர்க்கவும் வாய் வராது. அந்த வேலையை இரட்டிப்பு எடுத்துக்கொள்கிறது. பக்கத்துச் சிங்கள வியாபாரியும் ‘லொகு லொகு’, ‘பொடி பொடி’ என்றுதான் தரம் பிரிக்கிறார். தொலைவில் ஆப்பிரிக்காவின் சோமாலி மொழியிலும் அப்படியே: சிறியது ‘யர்’, பலவானால் ‘யர்யர்’. மொழி ‘அஃப்’, மொழிகள் ‘அஃபஃப்’.

‘ஐந்நூறு ஐந்நூறு’ ஆயிரமல்ல, கூறொன்றுக்கு ஐந்நூறு. பழந்தமிழ் இந்தப் பங்கீட்டுக் கணக்கை முதலசையை மட்டும் இரட்டித்தே முடித்தது: மும்மூன்று, நந்நான்கு, பப்பத்து. எத்தியோப்பியாவின் ஒரோமோ மொழியிலும் இதே தச்சுவேலைதான். ‘குட்டா’ பெரியது, ‘குக்குட்டா’ பெரியவை. ‘சப்சே’ உடைத்தான், ‘சச்சப்சே’ துண்டு துண்டாக உடைத்தான். ரொட்டியைப் பிய்த்து நெய்யும் மசாலாவும் பிரட்டிய அவர்களின் காலை உணவுக்குப் பெயரே சச்சப்சா. நம் கொத்து ரொட்டிக்குத் தூரத்து அண்ணன்.

உடனே குமரிக்கண்டத்துக்குக் கப்பல் விட வேண்டாம். சோமாலியும் ஒரோமோவும் குஷிட்டிக் குடும்பம். தமிழுக்கும் அவற்றுக்கும் உறவு நிறுவப்படவில்லை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆப்பிரிக்க வழிவந்தோர் வாழ்வதையும் இதோடு முடிச்சுப் போடக் கூடாது. அவர்கள் பாட்டில் காத்துவைத்திருப்பது போர்த்துக்கீசக் கிரியோல். பன்மையைச் சொல்லச் சொல்லையே பன்மையாக்குவது எந்த மனிதக் கூட்டத்துக்கும் தானாகத் தோன்றக்கூடியது.

ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கும் என்று நன்னூல் எல்லை வைத்தது. விரைவு, சினம், மகிழ்ச்சி, அச்சம், துயரம் என்று உரைகாரர்கள் காரணம் சொன்னார்கள். பள்ளிப் புத்தகம் பற்றிக்கொண்டது இந்த மனநிலைகளை மட்டும்தான். அதனால் அடுக்குத்தொடர் என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பாம்பும் தீயும்.

தமிழாசிரியர்களே, அடுத்த முறை கரும்பலகையில் ‘பாம்பு பாம்பு’ எழுதும்போது பக்கத்தில் ‘குட்டிக் குட்டி வள்ளம்’ என்றும் எழுதி, எத்தனை வள்ளம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.