ஏலூரின் மின்சுற்று

பள்ளிப் பாடநூலில் மின்சுற்று என்பது ஒரு மின்கலம், ஒரு சாவி, ஒரு விளக்கு. மூன்றையும் கம்பியால் இணைத்துப் படம் வரையும் மாணவன் முழு மதிப்பெண் பெறுகிறான். அச்சுற்றில் ஓடும் மின்னோட்டம் எங்கிருந்து வந்தது, எதைச் செய்துவிட்டுப் போகிறது என்னும் கேள்விக்குத் தேர்வுத்தாளில் இடமில்லை. விடை தேடுவோர், பெரியாறு கிளை பிரிந்து சூழும் ஏலூருக்குச் செல்லலாம்.

1940இல் மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1943இல், ஏலூர்ப் பகுதியின் அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. தாது கிடைத்த இடத்தில் அல்லாமல், மின்சாரம் கிடைத்த இடத்தில் அமைந்த ஆலை அது.

காரணம் எளிது. உயிரகத்தோடு பிணைந்த ஓர் அலுமினிய அணுவை விடுவிக்க மூன்று எலெக்ட்ரான்கள் வேண்டும். ஃபாரடேயின் விதிப்படி கணக்கிட்டால் ஒரு கிலோ உலோகத்துக்கு ஏறத்தாழ 2,980 ஆம்பியர்-மணி. திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் இதற்கு உதவாது. ஆகவே மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாகத் திருத்தப்படுகிறது. ஒரு கலத்துக்குத் தேவையான மின்னழுத்தமோ நான்கைந்து வோல்ட் மட்டுமே. கலங்களைப் பக்க இணைப்பில் வைத்தால் ஒவ்வொன்றின் பேரோட்டமும் கூடிக்கொண்டே போகும்; அதைத் தாங்கும் கடத்தியை அமைப்பது அரிது. தொடரிணைப்பில் ஒரே ஓட்டம் எல்லாக் கலங்களையும் கடக்கிறது. மின்னழுத்தங்கள் மட்டும் கூடுகின்றன. பாடநூல் இரண்டு விளக்குகளைக் கொண்டு சொல்லும் விதி, இங்கே ஓர் ஆலையின் அமைப்பையே தீர்மானிக்கிறது.

மின்தடையும் இங்கே வேறு முகம் காட்டுகிறது. மின்கம்பியில் இழப்பு எனப்படும் அதே வெப்பம், கலத்துக்குள் கிரையோலைட்டுக் கரைசலை ஏறத்தாழ 960 பாகை செல்சியசில் உருகிய நிலையில் காக்கிறது. சில மணிநேரம் மின்சாரம் நின்றால் கரைசல் உறைந்து கலம் பாழாகும். மின்வெட்டும் கட்டணமும் இத்தொழிலின் உயிர்நாடியைத் தொடுவது இதனால்தான். அலுபுரத்தில் உருக்கும் பணி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆனால் ஏலூரில் முடிவுறாத மற்றொரு சுற்று உண்டு. பள்ளிவாசலில் சுழலியைத் திருப்பிய நீர் முதிரப்புழையில் சேர்கிறது. முதிரப்புழை பெரியாற்றில் கலக்கிறது. பெரியாறு ஏலூரைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது. மலையிலிருந்து கம்பி வழியாக மின்சாரமும் ஆற்றின் வழியாக நீரும் ஒரே ஊருக்கு வந்தன. மின்சாரம் உலோகமும் உரமும் வேலைவாய்ப்பும் தந்தது. நீரோ, ஆலைகளின் கழிவையும் சுமக்க நேர்ந்தது. 2024 மே மாதம் ஏலூர்ப் பகுதிப் பெரியாற்றில் மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் முதலீட்டை இழந்தனர்.

திரும்பும் கம்பியை வரையாத மாணவனுக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் தருவதில்லை. தொழிற்சாலையின் வரைபடத்தைப் பார்க்கும்போதும் அந்தக் கண்டிப்பு வேண்டும்: உள்ளே வந்தது எப்படி வெளியேறுகிறது என்பதையும் வரைந்து காட்டச் சொல்ல வேண்டும்.