ஒன்றேகால் மணித்தியாலத் தூரம்

தூரத்தை வேகத்தாற் பிரித்தால் நேரம் கிடைக்கும் என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்த கணக்கு. ஆயினும், யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே அக்கணக்கு நெடுங்காலம் பொய்த்திருந்தது.

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கொழும்புக்குத் தெருவழியே செல்வதாயின் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் செல்லல் வேண்டும். ஆகவே, வான்வழியே செல்வதாயின், அயல்நாட்டுப் பட்டினமாகிய சென்னை எமக்குத் தெருவழியே செல்லும் கொழும்பிலும் குறைந்த தூரத்திலேயே உள்ளது. நாவலர் பெருமான் 1849இல் அச்சியந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்றதும் அப்பட்டினத்துக்கே. 1947 டிசெம்பரில் எயர் சிலோன் தனது முதற் சேவையைத் தொடங்கியபோது, அதன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது.

பின்னர் போர் மூண்டது, வான்வழி அடைபட்டது. 2007இல் ஒருநாள், சென்னையில் வசித்த பெரியதந்தையார் காலமானார் என்ற செய்தி தொலைபேசி வாயிலாக வந்தது. ஏ-9 பாதை முந்திய ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே மூடப்பட்டிருந்தது. பயண அனுமதி பெற்று, கப்பலிலோ விமானத்திலோ இடம் பிடித்து, முதலிற் கொழும்பை அடைந்தாலன்றிச் சென்னை செல்ல வழியில்லை. என் தந்தையார் அனுமதிக்கு விண்ணப்பித்தார். அது கைக்கு வந்தபோது தமையனாரின் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. தந்தையார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றார். அன்று அவர் எவருடனும் பேசவில்லை. சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார்.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை, கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டிலே, முதிர்ந்து தளர்ந்த பெரியதாயாரைக் காண யான் புறப்பட்டேன். சிறு விமானம் அது. வாசிக்கக் கொண்டு சென்ற நூலில் ஓரியலை முடிக்குமுன்னரே சென்னை வந்துவிட்டது.

"எவ்வளவு நேரம் பிடிச்சது, மோனை?" என்று பெரியதாயார் வினவினார்.

"ஒன்றேகால் மணித்தியாலம், பெரியம்மா."

அவர் சுவரிலிருந்த படத்தைச் சிறிது நேரம் நோக்கினார். "அண்டைக்கு இது இருந்திருந்தா, உன்ர ஐயா வந்திருப்பார்" என்றார். யான் விடை கூறவில்லை.

அண்மைக்கு இகரமும், சேய்மைக்கு அகரமும், இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு உகரமும் சுட்டாகும் என்று வகுப்பிலே கற்பிக்கின்றேன். தமிழகப் பேச்சில் வழக்கொழிந்த உகரச்சுட்டு எம்மவர் நாவில் இன்றும் வாழ்கின்றது. என் இளமையில் சென்னை எமக்கு 'அது'வாகவே இருந்தது. இன்று 'உது'வாகியுள்ளது. அது 'இது' ஆகவேண்டும் என்று யான் ஆசைப்படவில்லை. இடையிலுள்ள வழி மீண்டும் அடைபடாதிருந்தாற் போதும்.

இன்று எம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் நாளை பற்பல நாடுகளில் வாழ்வர். அவர்கள் தூரத்தைக் கிலோமீற்றரால் மட்டும் அளவாதிருப்பாராக. வழி திறந்திருக்கும்போதே உறவினரைச் சென்று காண்க. அக்கணக்கை எமக்குக் கற்பித்தது காலமே.