ஒதுக்கீடு என்னும் சொல்

'ஒதுக்குதல்' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள். ஒருவருக்கென்று எடுத்து வைப்பதும் ஒதுக்குதல்தான். ஒருவரை விலக்கி வைப்பதும் ஒதுக்குதல்தான். வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் வீட்டுவசதி வாரியத்தின் 'ஒதுக்கீடுதாரர்' என் நினைவுக்கு வருவார்.

1961ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வீடு கட்டுவதோடு நிற்கவில்லை. தவணை முறையில் விற்றுக் கடன் கொடுப்பவராகவும் விளங்கியது. குறைந்த வருவாய்க் குடும்பம் முன்பணம் கட்டிக் குடியேறும்; மீதியை ஆண்டுக்கணக்கில் வட்டியுடன் செலுத்தும். கடைசித் தவணை தீரும்வரை கிரயப் பத்திரம் கைக்கு வராது. அதுவரை அவர் உரிமையாளரும் அல்லர், வாடகைதாரரும் அல்லர்; ஒதுக்கீடுதாரர். தவணை தவறினால் அபராத வட்டி. தொடர்ந்து தவறினால் ஒதுக்கீடே ரத்தாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒதுக்கும்போது சொல்லப்படுவது பல இடங்களில் தற்காலிக விலையே. நிலம் கொடுத்த உழவர் நீதிமன்றம் சென்று கூடுதல் இழப்பீடு பெற்றால், அந்தச் சுமை ஒதுக்கீடுதாரர் தலையில் இறங்கும். உழவர் கேட்டது நியாயமே. ஆயினும் ஓர் ஏழையின் நியாயத்தை இன்னோர் ஏழை தவணையில் அடைக்க நேர்கிறது.

எங்கள் வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைக்குச் சென்றுவரும் நண்பர் ஒருவர், ஓசூரிலேயே ஒரு சிறு வீடு வாங்க விரும்புகிறார். ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வங்கியில் விசாரித்தபோது நிரந்தர வேலைக்கான சான்று கேட்டார்கள். "நம்ம வேலைக்கு யாருங்க சார் சான்று கொடுப்பாங்க?" என்றார் என்னிடம். என்னிடம் பதில் இல்லை.

ஓசூரில் ஒரு பகுதிக்கே 'அட்கோ' என்று பெயர். அங்குள்ள காவல் நிலையமும் அப்பெயரால்தான் அறியப்படுகிறது. வீட்டுவசதிக்குக் கடன் வழங்கவென 1970இல் மத்திய அரசு தொடங்கிய 'ஹட்கோ' நிறுவனத்தின் பெயர் மக்கள் நாவில் அவ்வாறு தேய்ந்தது. 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. வீட்டுக்கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதன் அதிகாரம் 2019இல் ரிசர்வ் வங்கிக்குச் சென்றது.

இதற்கிடையே அரசின் கை மெல்ல இடம் மாறியது. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டோருக்கு 6 லட்சம் வரையிலான கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம் கிடைத்தது. அது 2022 மார்ச்சில் முடிந்தது. 2024இல் வந்த இரண்டாம் கட்டத்தில் 9 லட்சம் வரை வருமானம் உள்ளோருக்கு, கடனின் முதல் 8 லட்சத்திற்கு 4 சதவீத மானியம். ஆனால் மானியம் கடனின் பின்னால் வருவது. கடனே மறுக்கப்பட்டவருக்கு மானியம் ஏது?

வங்கிக் கடனில் பத்திரம் முதல் நாளே நம் பெயருக்கு வரும்; உடனே அடமானமாகப் போகும். கடன் வாராக்கடனாகிவிட்டால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக்குப் பின் வழக்குத் தொடுக்காமலே வங்கி வீட்டைக் கைப்பற்ற வழியுண்டு. வாரியமோ அரசின் ஆணை பெற்று அபராத வட்டியைப் பலமுறை தள்ளுபடி செய்திருக்கிறது. மக்கள் பிரதிநிதியிடம் முறையிட ஒரு வாசல் அங்கே இருந்தது.

பழைய முறையை நான் போற்றவில்லை. ஆனால் எளியோரின் கடனுக்கு அரசே பிணை நிற்கும் ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. 2012இல் தொடங்கிய கடன் இடர் உறுதி நிதியத்தின் தொகையை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்த 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நண்பருக்குத் தேவை அதுதான்: வட்டியில் சலுகை பிறகு, முதலில் அவர் வார்த்தையை நம்பிப் பிணை நிற்கும் ஒருவர். அந்தப் பிணை ஒப்பந்தத் தொழிலாளியின் விண்ணப்பம்வரை வந்து சேர்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.