ரெஃபரல் போனஸ்

பிளஸ் டூவில் என் மார்க் குறையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த கேட்டுக்கெல்லாம் முதலீடு அதுதான். 2024 மே 6ஆம் தேதி ரிசல்ட் வந்தபோது எங்கள் தெருவில் நான்தான் முதல். பள்ளிக்கூடத்தில் கெட்ட பெயர் கிடையாது. கோயில் கொடைக்கு வரி பிரிக்கப் போவேன், சாயங்காலம் கிரிக்கெட்டுக்குப் போவேன், இராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆன்லைனில் காசு வைத்து போக்கர் ஆடுவேன். ஒன்று இன்னொன்றில் இடிக்காமல் ஓட்டுகிறேன் என்று எனக்குள் அப்படி ஒரு பெருமை.

ஆதிச்சநல்லூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் முதுமக்கள் தாழியைப் பற்றிக் கேட்பார்கள். பையன்களுக்கு அந்தப் பரம்பு மேடு நன்றாக டவர் எடுக்கிற இடம், அவ்வளவுதான். கொரோனாவில் ஆன்லைன் கிளாஸுக்கென்று வாங்கிய போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் என் கையிலேயே தங்கிவிட்டது. முதலில் ஓசிச் சிப்ஸ் வைத்து ஆடினேன். அதில் ஜெயித்தவனுக்குக் காசு வைத்து ஆடத் தோன்றாமல் இருக்காது. பதினெட்டு வயது ஆகவில்லையே என்பது ஒரு தடையாகவே இல்லை. என் போனில் இருந்த சிம் அப்பா பெயரில். கேஸ் மானியம் விழுவதற்காக அப்பா தொடங்கிய பழைய பேங்க் கணக்கும் அதே நம்பரில். பான் கார்டு போட்டோ அவருடைய வாட்ஸப்பிலேயே கிடந்தது. அப்பா தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர், சொந்த வண்டி. போனில் எது செய்ய வேண்டுமென்றாலும் என்னிடம்தான் நீட்டுவார். அப்படி நீட்டிய ஒரு நாளில் அவரையே போக்கர்காரர் ஆக்கிவிட்டேன்.

ரம்மியில் கடனாகிச் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வரும். அந்தச் செய்திகளைத் தாண்டிப் போய்விடுவேன். அவர்கள் ரம்மி, நான் போக்கர் என்று எனக்கு ஒரு சாதித்திமிர். கையில் இரண்டு சீட்டு, மேசையில் முதலில் மூன்று. நாலு ஆட்டின் சேர்ந்திருந்தால் அடுத்த இரண்டு சீட்டுக்குள் ஐந்தாவது விழ நூற்றுக்கு 35 வாய்ப்பு. நிகழ்தகவு பாடம் நடப்பதற்கு முன்பே இது எனக்கு மனப்பாடம். கணக்கு தெரிந்தவன் ஜெயிப்பான் என்று நம்பினேன். அதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவிகிற பணத்திலிருந்து கம்பெனி எடுத்துக்கொள்ளும் ரேக். சமமாக ஆடத் தெரிந்த இரண்டு பேர் ஒருவரிடமிருந்து ஒருவர் மாறி மாறி ஜெயித்துக்கொண்டே இருந்தால், கடைசியில் இரண்டு பேரிடமும் காசு இருக்காது. இதுவும் எனக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் சொன்னதில்லை.

கோர்ட்டும் சட்டமும் எனக்குப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். 2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஆன்லைன் ரம்மி, போக்கர் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த வருஷம் ஜூனில், இதை மறுபடி ஆராய அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2023 ஏப்ரலில் புதுத் தடைச் சட்டம் வந்தது; அப்போது பயந்துபோய்க் கொஞ்ச காலம் காசு போடாமல் இருந்தேன். நவம்பர் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்தது செல்லாது. வயதுக்கும் நேரத்துக்கும் அரசு விதி போட்டுக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருந்தது. இதில் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு என் நண்பனிடம் போனேன்.

அவன் எங்கள் தெருதான். அப்பா இல்லை. அம்மா வாழைக்காட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள்.

"ஏல, நெசமாவே துட்டு வருமால?"

"கோர்ட்டே சொல்லிட்டுல, தெறமை ஆட்டம்னு. நான் ஆடலியா? என் மார்க்கு கொறஞ்சிருக்கா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் அவனைச் சாய்த்தது. திருப்பூரில் இருக்கும் அவன் அக்காவின் பான் கார்டை வைத்துக் கணக்குத் திறந்து கொடுத்தேன். என் ரெஃபரல் கோடைப் போட்டால் இரண்டு பேருக்கும் போனஸ் என்றேன். என்னுடைய போனஸ் மொத்தமாக வராது, அவன் ஆட ஆட ரேக்குக்கு ஏற்றபடி தவணையாக வரும் என்பதைச் சொல்லவில்லை. அவன் எவ்வளவு கூடுதலாக ஆடுகிறானோ அவ்வளவு எனக்கு. இன்னும் சில பையன்களையும் இப்படிச் சேர்த்துவிட்டேன். அவர்களெல்லாம் சீக்கிரமே சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். இவன் விடவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 17, 18இல் பெருவெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது, எண்ணூறு பேர் உள்ளே. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்ததைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். கரண்டும் இல்லை, டவரும் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். லைட் அடிக்க என் போனைக் கேட்டாள் அம்மா. சார்ஜ் இல்லை என்றேன். இருந்தது. டோர்னமென்ட் ஒன்றுக்குக் காசு கட்டியிருந்தேன். டவர் வந்தால் உள்ளே போய்விடலாம் என்று போனை அணைத்துச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ரேஷன் கடையில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். நண்பன் வீட்டில் பின்சுவர் இடிந்திருந்தது. அதைக் கட்டுவதற்கென்று அவன் அம்மா எடுத்து வைத்திருந்த பணம் கொஞ்சம் கொஞ்சமாக போக்கர் மேசைக்குப் போனது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாரம் என் போனஸ் வழக்கத்தைவிட வேகமாக ஏறியது. ஏதோ நடக்கிறது என்று புரிந்தது. கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவன் அம்மா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அவனையும் கையோடு இழுத்து வந்திருந்தார்கள். "ஏய்யா, நீயாச்சும் இவனுக்குப் புத்தி சொல்லு. நீ படிக்கிற பிள்ள. நீ சொன்னாத்தான் கேப்பான்." என் அம்மா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் புத்தி சொன்னேன். பரீட்சை வருது, இதெல்லாம் நமக்கு வேண்டாம்ல, அம்மா கஷ்டப்படுதாங்கல்லா என்று நிதானமாக, பெரிய மனுஷன் மாதிரி. அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு ஊரில் அவனுக்கு 'ரம்மிப் பய' என்று பெயர் விழுந்தது. அவன் ரம்மி ஆடியதே இல்லை.

நான் நிறுத்தவில்லை. பரீட்சைக்கு முந்தின மாதம் ஒரு டோர்னமென்ட்டில் பத்தாயிரத்துச் சொச்சம் கிடைத்தது. 2023 ஏப்ரலிலிருந்து இந்த மாதிரி நிகர லாபத்தில் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது தெரியும். பிடித்த வரி பான் கார்டின் கணக்கில் பதிவாகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. லாரி வாடகையில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குவதற்காக அப்பா வருஷாவருஷம் ரிட்டர்ன் போடுவார். பரீட்சை முடிந்த அந்த ஜூலையில் நானும் கூடப் போயிருந்தேன். ஆடிட்டர், பிடித்த வரியெல்லாம் பதிவாகியிருக்கும் 26ஏஎஸ் படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பிரிவு 194 பிஏ: ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்துக்குப் பிடித்த வரி.

"அண்ணாச்சி, சீட்டு கீட்டு ஆடுதியளோ?"

"நானா? தீவாளிக்குக்கூட தொட்டதில்லயே."

வண்டியில் திரும்பும்போது அப்பா வல்லநாடு வரைக்கும் பேசவில்லை. பிறகு அவரே முடிவுக்கு வந்துவிட்டார். "அந்த ரம்மிப் பயலாத்தான் இருக்கும். உன் போன வாங்கி ஆடிருக்கான். இனிமே அவன்கூடச் சேராத." நான் தலையை ஆட்டினேன். திருட்டு, பொய், வஞ்சகம் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்தத் தலையாட்டலுக்கு மட்டும் இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

மொத்தத்தில் நான் ஜெயித்தேனா என்று பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்டத்தில் மட்டும் பார்த்தால் நஷ்டம். ரெஃபரல் போனஸையும் சேர்த்தால் கொஞ்சம் லாபம். அந்த லாபம் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு விதி போட்டது: பதினெட்டு வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை ஆடக்கூடாது. கம்பெனிகள் வழக்குப் போட்டுத் தோற்றன. நான் ஆடத் தொடங்கியபோதே இவை இருந்திருந்தாலும் வயது விதி என்னைத் தடுத்திருக்காது. அப்பாவின் வயதுக்குள்தான் நான் ஒளிந்திருந்தேன். ஆதாரும் தடுத்திருக்காது, ஓடிபி அப்பா பெயரில் என் போனுக்குத்தானே வரும். நேர விதி தடுத்திருக்கும். அந்த நேரம் போய்விட்டால் எனக்கு வேறு நேரம் கிடையாது. பகலில் நான் நல்ல பையன். அதே வருஷம் ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து காசு ஆட்டம் மொத்தத்தையும் மூடியது. நான் திருந்தி நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். கடை மூடியதால்தான் நிறுத்தினேன்.

போன மாதம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக்கு அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அவம்மாட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?" என்று மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

நண்பன் இப்போது தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பான். போன ஞாயிறு போகவில்லை.