உறைபனிக் காலையில் ஒரு ‘டிக் டிக்’

ஜனவரி மாத ஊட்டியில் விடியற்காலை எழுந்து வெளியே வருபவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். ஒன்று, புல்வெளியில் உப்பைத் தூவியதுபோலப் படிந்திருக்கும் உறைபனி. இன்னொன்று, லாட்ஜ் வாசலில் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பிசைந்து நிற்கும் வெளியூர் டிரைவர்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் பனிக்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிடும். கேரட் தோட்டம் முதல் கார் கண்ணாடி வரை எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அவசரத்தில் சிலர் கண்ணாடியில் வெந்நீரை ஊற்றிவிடுவார்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதால், உள்ளூர்க்காரர்கள் பழைய பிளாஸ்டிக் கார்டால் பொறுமையாகச் சுரண்டுவார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் தேனியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று லாட்ஜ் வாசலில் பெட்டிகளோடு நின்றது. பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மூத்த மகனுக்கு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, அப்படியே கோவை விமான நிலையத்தில் அவனை ஏற்றிவிடுவதாகத் திட்டம். 11 மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும்.

மணி ஆறேகால். டிரைவர் சாவியைத் திருப்பினார். ‘டிக் டிக் டிக்’ என்றதோடு சரி.

“செல்ஃப் மோட்டார் போயிருக்கும் சார். புதுசுதான் மாத்தணும்போல” என்று பக்கத்து காரின் டிரைவர் சொன்னார். “டீசல் உறைஞ்சிருக்கும்” என்றார் டீ வாங்க வந்த ஒருவர். அப்பாவின் முகம் வாடியது. லாட்ஜ் வாட்ச்மேன்தான் போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தார்.

அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டர், மப்ளர், கையில் சின்னப் பை. திறந்திருந்த பானெட்டை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, முதல்ல சாவியைப் போடு. திருப்பாம அப்படியே நிறுத்து. டேஷ்போர்டுல என்னென்ன லைட் எரியுதுன்னு சொல்லு.”

எல்லா விளக்கும் மங்கலாக எரிந்தன. சாவிப் படம் போட்ட விளக்கு கொஞ்சம் எரிந்து அணைந்தது. அது விடாமல் மின்னினால், வண்டி தன் சாவியையே அடையாளம் தெரியாமல் தடுக்கிறது என்று அர்த்தமாம். சுருள் கம்பி போட்ட விளக்கும் அணைந்தது. டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை அது எரியும். அது அணைந்த பிறகுதான் குளிர் பிரதேசத்தில் செல்ஃப் அடிக்க வேண்டும்.

“இப்ப திருப்பு.”

மறுபடி ‘டிக் டிக் டிக்’. டேஷ்போர்டு விளக்குகள் அணையப்போவதுபோல இன்னும் மங்கின.

“இது செல்ஃப் மோட்டார் இல்ல சார்” என்று அப்பாவிடம் சொன்னார். லைட் பிரகாசமாக எரிந்து, ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படலாம். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். லைட் மங்கி, படபடவென்று அடித்துக்கொண்டால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது அதன் இணைப்பு சரியில்லை. கடும் குளிரில் பேட்டரியின் தெம்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே குளிரில் என்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடுவதால், சுற்றுவதற்குக் கூடுதல் தெம்பு வேண்டும். சமவெளியில் ஏதோ சமாளித்து ஓடிய பேட்டரி, மலையில் ஒரே இரவில் கையை விரித்துவிடும்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். 11.8 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. ஸ்பேனரால் கழற்றி, துடைத்துச் சுரண்டி, மறுபடி இறுக்கினார். ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை.

“பொடி மட்டும் இருந்தா இவ்வளவு இறங்காதே. தம்பி, ராத்திரி எங்க படுத்தே?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வண்டியிலதாண்ணே. ஒரு மணிக்கு மேல குளிர் தாங்கல. என்ஜினைப் போட்டு ஹீட்டரை விட்டேன். சத்தமா இருக்குன்னு வாட்ச்மேன் அணைக்கச் சொன்னார். அப்புறம் சாவியை மட்டும் போட்டு ஃபேனை ஓடவிட்டேன். அசந்து தூங்கிட்டேன்.”

காரின் ஹீட்டருக்குச் சூடு தருவது என்ஜின்தான். அது நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்றுதான் வரும். ஃபேனோ பேட்டரியை விடியவிடிய உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

“அவர் அணைக்கச் சொன்னது உன் நல்ல நேரம்” என்றார் மெக்கானிக். “கண்ணாடியை ஏத்திட்டு, என்ஜினை ஓடவிட்டுத் தூங்கினா புகை உள்ள வரும். வாசனை தெரியாது. அப்படியே போய்ச் சேர்ந்தவங்க இருக்காங்க.”

யாரும் பேசவில்லை. பாட்டிதான் மகனைப் பார்த்து, “ஏம்ப்பா, இந்தப் பிள்ளை எங்க படுக்கும்னு நாம கேக்கவே இல்லையே” என்றார்.

லாட்ஜில் டிரைவர்களுக்கென்று இடம் கிடையாது. தங்கும் விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. ஆனாலும் ரூம் பிடிக்கும்போது வெந்நீர் வருமா, டி.வி. உண்டா என்று கேட்பவர்களில், டிரைவருக்கு இடம் உண்டா என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

பக்கத்து காரை முகத்துக்கு முகம் நிறுத்தி ஜம்பர் கேபிள் போட்டார் மெக்கானிக். சிவப்பு வயர் பிளஸ்ஸுக்குப் பிளஸ். கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனை மட்டும் இந்த காரின் பேட்டரியில் இல்லை, என்ஜினின் வெறும் இரும்பில். இணைக்கும்போது தீப்பொறி பறந்தாலும் பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாதல்லவா!

ஐந்து நிமிடம் கழித்து, “இப்ப அடி” என்றார். என்ஜின் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது.

“குன்னூர்ல டீ குடிச்சாலும் ஆஃப் பண்ணாதே. ஒரு ஆள் வண்டியிலயே இருக்கட்டும். கியர்லயே இறங்கு, நியூட்ரல் போட்டுடாதே. ஊருக்குப் போனதும் பேட்டரியை செக் பண்ணு.”

கூலியை வாங்கிக்கொண்டு பைக்கை உதைத்தார். மணி ஏழேகால். வெயில் பட்டு, புல்லில் இருந்த வெள்ளை கரையத் தொடங்கியிருந்தது.

“ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க சார்” என்றார் டிரைவர் மெதுவாக.

“நான் என்னத்தப்பா சொல்ல?” என்றார் அப்பா.

பாட்டி தன் தோளில் இருந்த கம்பளிச் சால்வையை எடுத்து, டிரைவர் சீட்டின் மேல் போட்டார். கார் குன்னூர் சாலையில் திரும்பியது.