பச்சைக்கு அப்பால்

கொச்சியை ஒட்டிய கும்பளங்கித் தீவில், ஓய்வூதிய வயதில் முதன்முதலாகத் தூரிகை பிடிப்பவருக்கு முதல் எதிரி பச்சைதான். தென்னை, கண்டல் மரம், மழைக்காலமானால் பொக்காளி வயல், கழியின் தண்ணீரும்கூட. அத்தனையையும் தீட்டி முடித்தால் தாளில் மிஞ்சுவது கீரை மசியல். தப்பிப்பது சீன வலையின் கழிகள் மட்டும்.

தாகூருக்கும் இந்த அவஸ்தை தெரியும். 1900-ல், 39 வயதில், தான் படம் வரைவதாகவும் பென்சிலைவிட ரப்பருக்கே வேலை அதிகம் என்றும் ஜகதீஷ் சந்திர போஸுக்குக் கேலியாக எழுதினார். 1924-ல் ‘பூரபி’ கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் அடித்தல் திருத்தல்களை இணைக்கப்போய் உருவங்கள் முளைத்தன. அப்போது வயது 63. பாரிசில் முதல் கண்காட்சி 1930-ல். இயற்கைக் காட்சிகள் பெருகியது அதற்கும் பிறகு.

அந்தப் படங்களில் இலை இலையாகப் பச்சை கிடையாது. மஞ்சள் வானம், அதன் முன் கரிய மரக்கூட்டம். சிவப்பு அவர் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்பார்கள். இருக்கட்டுமே! தெரிந்ததைத் தீட்டினார்.

கும்பளங்கியிலும் சாயங்காலம் பச்சையெல்லாம் கறுத்துவிடும். வலைகளுக்குப் பின்னால் வானம் மஞ்சளாக நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் வண்ணத்தைக் குழைத்துத் தயாராக இருக்க வேண்டும்.